கோவாவில் கடற்கரை மட்டும்தானா? சைக்கிளில் போனால் பறவைகளும் உண்டு!

கோவா என்றதும் மும்பைத் தமிழர்களுக்கு நினைவு வருவது கடற்கரை, பழைய தேவாலயங்கள், விலை குறைந்த மது. தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் விடுமுறைக்குப் புறப்படுகிறவர்கள், கடலில் குளித்து, நாலு படம் எடுத்து, பர்ஸைக் காலி செய்துகொண்டு திரும்புகிறார்கள்.

ஆனால் அதே கோவாவில், கடலுக்கு முதுகைக் காட்டி உள்ளே பத்து கிலோமீட்டர் போனால் வேறோர் உலகம் இருக்கிறது. ஏரி, உப்பங்கழி, சதுப்பு நிலக் காடு, நெல் வயல், அதற்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை. அத்தனையிலும் பறவைகள். அவற்றைப் பார்க்கக் கார் தேவையில்லை, பெரிய ஓட்டலும் தேவையில்லை. ஒரு சைக்கிளும் அதிகாலையில் எழுந்திருக்கும் மனமும் இருந்தால் போதும்.

சைக்கிள் ஏன்?

காரில் போகிறவருக்குக் கண் மட்டும்தான் வேலை செய்கிறது; கண்ணாடியை ஏற்றிவிட்டால் காது அடைத்துப் போகிறது. பறவை பார்ப்பதில் பாதி வேலை காதுடையது. மரங்கொத்தி தட்டும் சத்தம், குக்குறுவானின் விடாத கூவல், இலைக்குள் ஒளிந்த சின்னக் குருவியின் சீழ்க்கை, இவை கேட்டால்தான் எங்கே திரும்புவது என்று தெரியும்.

நடந்து போனால் காது திறந்திருக்கும். ஆனால் ஒரு காலைப் பொழுதில் ஓர் ஏரியை மட்டும்தான் சுற்ற முடியும். சைக்கிளில் போனால் ஒரே நாளில் ஏரி, ஆறு, தீவு மூன்றையும் பார்க்கலாம்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பறவைகள் காரைக் கண்டு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. மனித உருவத்தைக் கண்டால்தான் மிரளுகின்றன. சைக்கிளில் மனிதன் முழுசாகத் தெரிகிறான். ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளைப் பொருட்படுத்தாத பறவை, அது தனக்கு எதிரே திடீரென்று நின்றதும் எழுந்து பறந்துவிடும். ஆகவே பறவைக்கு நேராகப் பிரேக் போடக் கூடாது. அதே வேகத்தில் கடந்துபோய், தள்ளி நின்று, மெதுவாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். சைக்கிள் கற்றுத் தரும் முதல் பாடம் இது.

மாப்பிள்ளையும் அத்தானும்

சென்ற ஹோலி விடுமுறையோடு இரண்டு நாள் லீவு சேர்த்துக்கொண்டு இரண்டு நெல்லைத் தமிழர்கள் கோவாவுக்குப் போனார்கள். ஒருவர் அம்பர்நாத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர், நாற்பத்தைந்து வயது. மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி; நவி மும்பையில் ஒரு கிடங்கில் கிளார்க். மூத்தவருக்கு இளையவர் மாப்பிள்ளை. இளையவருக்கு மூத்தவர் அத்தான். அத்தானிடம் ஒரு பைனாகுலர். மாப்பிள்ளையிடம் நண்பரிடம் இரவல் வாங்கிய கேமராவும் 300 மில்லிமீட்டர் லென்சும்.

காலையில் மும்பையில் ரயில் ஏறினால் மாலையில் கர்மாலி ஸ்டேஷனில் இறங்கலாம். கொங்கண் ரயில் பாதை 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு கிடைத்த வசதி இது. சொந்தச் சைக்கிளைக் கொண்டுபோக விரும்புகிறவர்கள் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் புக் செய்ய வேண்டும். சிறிய ஸ்டேஷனில் வண்டி நிற்கும் நேரத்தில் பிரேக் வேனிலிருந்து இறக்குவது சிரமம். மட்காவ் வரை புக் செய்வது நல்லது. இவர்கள் இருவரும் அந்த வம்பே வேண்டாமென்று பணஜியில் கியர் சைக்கிள்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ரயிலடியில் ஓர் ஏரி

கர்மாலி ஏரி ரயில்வே ஸ்டேஷனுக்கு அருகிலேயே இருக்கிறது. ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேர் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள்? குளிர்காலத்தில் அங்கே நீரே தெரியாத அளவுக்கு வாத்துகள் இறங்கும். ஊசிவால் வாத்துகள் இமயமலைக்கு அப்பால், வட ஆசியாவிலிருந்து வருகின்றன. சீழ்க்கைச் சிறகி நம் நாட்டுப் பறவை. பறக்கும்போது சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். நீலத் தாழைக்கோழி கரையோரக் கோரைக்குள் நடை பயிலும். இலைக்கோழி தன் நீண்ட விரல்களை விரித்து மிதக்கும் இலைகள் மேல் தரையில் நடப்பதுபோல் நடக்கும். இந்த இலைக்கோழிக் குடும்பத்தில் பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பதெல்லாம் ஆண்தான்.

முதல் நாள் காலை ஆறரை மணிக்கு இருவரும் ஏரிக்கரையில் இருந்தார்கள். வாத்துக் கூட்டத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளை சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டுக் கேமராவோடு நீர் ஓரத்துக்கு ஓடினார். அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் எழுந்தது. படத்தில் விழுந்தது வெறும் வால்கள்.

“ஏன் மாப்ளே ஓடுதிய? அது என்ன, லோக்கல் வண்டியா? விட்டா அடுத்தது இல்லையா?” என்று கேட்டார் அத்தான்.

“பக்கத்துல போனாத்தானே அத்தான் படம் பெருசா விழும்?”

“நீங்க பக்கத்துல போகக் கூடாது. அதுதான் பக்கத்துல வரணும்.”

இருவரும் ஒரு மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரத்தில் வாத்துகள் திரும்பி இறங்கின. சூரியன் முதுகுப் பக்கம் இருந்தது. அப்போது எடுத்த படங்களில் வாத்தின் கண்ணில் விழுந்த ஒளிப்புள்ளி கூடத் தெரிந்தது.

அத்தானுக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம். அதே வட்டாரத்திலுள்ள கூந்தன்குளத்தில் சங்குவளை நாரைகள் வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டும். அவை மிரளக் கூடாது என்பதற்காக ஊர் மக்கள் பட்டாசு வெடிப்பதைத் தவிர்ப்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அந்த மண்ணில் வளர்ந்தவருக்குப் பறவையிடம் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படகேறிப் போகும் தீவு

கர்மாலியிலிருந்து பழைய கோவா வழியாகப் பணஜிக்குப் போகும் ஆற்றோரச் சாலையில் ரிபந்தர் இருக்கிறது. அங்கே சைக்கிளோடு படகில் ஏறி மாண்டவி ஆற்றைக் கடந்தால் சோராவ் தீவு. உள்ளூர் மக்கள் சோடண் என்பார்கள். தீவின் மேற்கு முனையில்தான் டாக்டர் சலீம் அலி பறவைகள் சரணாலயம். பரப்பு 1.8 சதுர கிலோமீட்டர்தான், 1988-இல் அமைக்கப்பட்டது.

முழுக்க அலையாத்திக் காடு. தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றில் நண்டுகள் ஒற்றைக் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருக்கும். சேற்று மீன்கள் தத்தித் தத்தித் தாவும். அவற்றைத் தின்னக் கொக்கு, வக்கா, உள்ளான் எல்லாம் வரும். கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை அணிந்த நீல மீன்கொத்தி ஒன்று இங்கே உண்டு. நம் ஊர் வாய்க்காலில் பார்க்கும் வெண்மார்பு மீன்கொத்தி அல்ல இது; உப்பங்கழிகளை நம்பி வாழ்வது. மேற்குக் கரையில் அபூர்வம். அதைப் பார்ப்பதற்காகவே வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

சைக்கிளை வாசலில் விட்டுவிட்டு நடைபாதையில் போக வேண்டும். எப்போது போனாலும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது கடலின் ஏற்ற இறக்க நேரம்.

மலை ஏறும் சைக்கிள்

இரண்டாம் நாள் மலை. ஃபோண்டாவைத் தாண்டி (ஃபோண்டா என்பது இங்கே ஊர், தின்பண்டம் அல்ல!) உஸ்காவ் வழியாகப் போண்ட்லா சரணாலயத்துக்கு ஏற வேண்டும். செம்மண்ணும் சரளையும் கலந்த ஓரங்கள், விடாத ஏற்றம்.

இந்த மாதிரி வழிக்கென்றே பிறந்தது மலைச் சைக்கிள். 1970-களில் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து இளைஞர்கள் சிலர் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் மலைப்பாதையில் இறங்கி விளையாடினார்கள். பிறகு அதற்கு நல்ல பிரேக்கும் ஏற்றத்துக்கு ஏற்ற கியர்களும் பொருத்தினார்கள். அந்த விளையாட்டுதான் இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. அகலமான டயர் சரளையில் வழுக்காது. சின்னக் கியர் போட்டால் நாற்பத்தைந்து வயதுக்காரரும் மூச்சு வாங்காமல் ஏறலாம். ஆனால் காட்டுக்குள் சாலையை விட்டு இறங்கி ஓட்டுவது கூடாது. வனத்துறையின் அனுமதியும் நேரக் கட்டுப்பாடும் உண்டு.

மலையில் பார்க்க வேண்டிய பறவை இருவாச்சி. பெண் பறவை மரப் பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஒரு சிறு கீறல்தான் வழி. ஆண் பறவை பழம் சுமந்து வந்து அந்தக் கீறல் வழியே ஊட்டும். மார்ச் மாதம் அதற்குக் குடும்ப காலம். பொந்துக்கு எதிரே மனிதர்கள் கேமராவோடு நின்றால் ஆண் பறவை கிட்டே வரத் தயங்கும். உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். பறந்துபோன ஆண் இருவாச்சி ஒன்றை மாப்பிள்ளை படம் எடுத்தார். அது எங்கே போகிறது என்று தொடர்ந்து போக அத்தான் விடவில்லை.

மாலையில் புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை கேட்டது. ஆறுமணிக் குருவி! காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் தவறாமல் கூவுவதால் நம் முன்னோர் வைத்த பெயர். கூவியதே தவிர வெளியே வரவில்லை.

“அத்தான், இதோட சத்தம் போன்ல இருக்கு. போட்டா ஓடி வந்துரும்.”

“வரும். இன்னொருத்தன் தன் இடத்தைப் பிடிக்க வந்துட்டான்னு நினைச்சுச் சண்டைக்கு வரும். இரை தேடுத நேரத்துல அதை ஏன் ஏமாத்தணும்? வேண்டாம் மாப்ளே.”

அன்று ஆறுமணிக் குருவியின் படம் கிடைக்கவில்லை.

ஆள்காட்டியின் முட்டை

மூன்றாம் நாள் திவார் தீவு. பழைய கோவாவிலிருந்து படகில் போகலாம். அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயல்களுக்கு நடுவே சாலை. கம்பியில் பஞ்சுருட்டானும் கரிச்சானும்; வானத்தில் செம்பருந்து. பதினோரு மணி இருக்கும். வெயில் சுள்ளென்று அடித்தது.

வரப்போரம் மாப்பிள்ளை இறங்கியதும் இரண்டு ஆள்காட்டிகள் கத்திக்கொண்டு எழுந்தன. தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிப் பாய்ந்தன. ஊரில் யார் காட்டுக்குள் வந்தாலும் கத்திக் காட்டிக் கொடுப்பதால்தான் இதற்கு ஆள்காட்டி என்று பெயர். ஆனால் இந்தக் கத்தல் அதுவல்ல. காலுக்கு நாலடி முன்னால், வெறும் தரையில், சின்னக் கற்களுக்கு நடுவே நாலு முட்டைகள். மண் நிறம், கறுப்புப் புள்ளி. கூர்ந்து பார்க்காவிட்டால் மிதித்தே இருப்பார்.

லென்ஸில் முட்டைகள் அழகாகத் தெரிந்தன. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் தாய்ப் பறவை வந்து உட்காரும். அந்தப் படமும் கிடைக்கும். அப்படி ஒரு படம் தன்னிடம் இருக்க வேண்டுமென்று எந்தப் படக்காரருக்கு ஆசை இருக்காது?

ஆனால் உச்சி வெயிலில் ஆள்காட்டி முட்டைமேல் உட்காருவது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. வயிற்று இறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. அது எழுந்து சுற்றிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் வெயிலில் வேகின்றன. போதாததற்கு, மனிதர் குனிந்து நிற்கும் இடத்தைக் காக்கை கவனித்துக்கொண்டே இருக்கும்.

அத்தான் சாலையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை கேமராவை இறக்கினார். வந்த தடத்திலேயே பின்னால் அடி வைத்து வரப்பேறினார். இருவரும் நூறு கஜம் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். ஆள்காட்டி நடந்து வந்து, ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

இது வெறும் கருணை விஷயம் அல்ல என்பது குறிப்பிடத்தக்கது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்பதில்லை; கேமரா தூக்கிக்கொண்டு போயும் வேட்டையாடலாம்.

சோராவ் சரணாலயத்துக்குப் பெயர் தந்த சலீம் அலியின் கதையும் துப்பாக்கியில்தான் தொடங்குகிறது. 1896-இல் மும்பையில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்று இருந்தது. அது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே இருந்த செயலாளர் அலமாரிகளைத் திறந்து நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். அன்று பிடித்த பைத்தியம் 1987-இல் இறக்கும்வரை விடவில்லை.

பெரிய பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. அது இல்லாத குறையால் அரசு விலங்கியல் துறையின் வேலையும் கிடைக்காமல் போயிற்று. ஆனால் 1941-இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய புத்தகம்தான் பல தலைமுறைகளுக்குப் பாடநூலானது. மெட்ரிக்குலேஷனோடு வேலைக்கு வந்தவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

படம் எடுக்க விரும்புவோருக்கு

விலை உயர்ந்த கேமரா இல்லையே என்று ஏங்க வேண்டாம். நம் தமிழ்நாட்டு மா. கிருஷ்ணன், பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பொருத்திய கருவியால் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்துப் புகழ் பெற்றவர். 1950 முதல் 1996-இல் மறையும்வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவரும் அவரே.

முதலில் வாங்க வேண்டியது கேமரா அல்ல, பைனாகுலர். 8×42 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். அதன் கண் பக்கத்தில் செல்போனை ஒட்டிப் பிடித்தும் படம் எடுக்கலாம்.

கேமரா உள்ளவர்கள் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டக் கூடாது. சாலையின் அதிர்ச்சி முழுவதும் லென்ஸில் இறங்கி ஸ்க்ரூ கழன்றுவிடும். முதுகுப் பையில் வைத்தால் அதிர்ச்சியை உடம்பு வாங்கிக்கொள்ளும். ஸ்டாண்டு போட்ட சைக்கிளின் சீட்டில் ஒரு கிலோ அரிசி நிரப்பிய துணிப்பையை வைத்து, அதன்மேல் லென்ஸைப் படுக்க வைத்தால் கை நடுங்காது. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். கடலோரக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட மறக்க வேண்டாம்.

காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் பறவையும் ஒதுங்கும். மனிதனும் ஒதுங்குவது நல்லது. மாலை நாலு மணிக்கு மேல் மீண்டும் புறப்படலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம்.

நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள்

படம் விழாவிட்டாலும் குறிப்பு எழுதலாம். எந்த நாள், எந்த இடம், எந்தப் பறவை, எத்தனை. இவ்வளவுதான். இதைக் கணக்கு எழுதிப் பழகிய நம் கிளார்க்குகளைவிட யார் நன்றாகச் செய்ய முடியும்?

இது வீண் வேலை அல்ல. 2023-இல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை வெளியானது. 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் எழுதி அனுப்பிய மூன்று கோடிக் குறிப்புகளைக் கொண்டு தயாரிக்கப்பட்டது அது. 942 வகைப் பறவைகள் ஆராயப்பட்டன. நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 60 சதவீதம் குறைந்து வருவது தெரிந்தது. கர்மாலிக்கு வரும் வாத்துகளைப் போன்று தூர தேசத்திலிருந்து வருபவையும் குறைகின்றன. நம் பனை மரத்தில் உட்கார்ந்திருந்த பனங்காடையும் குறைகிறது.

பனங்காடை, செம்போத்து, மடையான், நத்தைகுத்தி நாரை, உள்ளான். ஊரில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்து வளர்ந்தவர்கள் நாம். பிழைப்புக்காக ரயிலேறி வந்த பிறகு அந்தப் பெயர்கள் வாயில் வருவதில்லை. நம் பிள்ளைகளுக்கோ தெரியவே தெரியாது. அந்தப் பறவைகளில் பெரும்பாலானவை கோவாவிலும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் தானே கழிமுகம் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன.

அடுத்த விடுமுறையில் ஒரு நாளையாவது இதற்கு ஒதுக்குங்கள். பையனையோ பெண்ணையோ கூட அழைத்துப் போங்கள். பெயர் சொல்லிக் கொடுங்கள். பறவைக்கு நேராகப் பிரேக் போடாமல், தள்ளிப் போய் நிறுத்தச் சொல்லிக் கொடுங்கள்.